பெகேஜைப் பெரிதாக்க முதல், ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோரும் பழைய மாணவர்களும் பொறுமையாக வாசித்துவிட்டு உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள்.

எமது பாடசாலை அலுவலகத்திலும் பக்கத்து ஸ்மார்ட் வகுப்பறையிலும் வீடியோ ஒழுங்காக ஓடுவதில்லை என்பது ஊரறிந்த கதை. உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு செயன்முறை வீடியோ போட்டால் இரண்டு நிமிடம் ஓடும், பிறகு வட்டம் சுற்றும். சூம் கூட்டம் என்றால் அதிபரின் முகம் உறைந்து நிற்கும், குரல் துண்டு துண்டாகப் போகும். இதற்குப் போன கூட்டத்தில் கண்ட தீர்வு, இன்னும் பெரிய பெகேஜ் எடுப்பது. அதற்காக ஒவ்வொரு பிள்ளையிடமும் மாதம் 100 ரூபாய் அறவிடுவது.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்த இடத்திலேயே சொல்லாமல் இருந்தது என்னுடைய பிழை.

"நூறு ரூபாய்தானே சேர்" என்று ஒருவர் சொன்னார். மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு அது 300. ஒரு தடவை கொடுத்து முடிகிற காசும் இல்லை, மாதாமாதம் போகும். கடலுக்குப் போக முடியாத நாட்களில் அந்த வீடுகளின் நிலை வகுப்பாசிரியர்களுக்குத்தான் தெரியும். வருத்தத்தைக் கண்டுபிடிக்காமல் மருந்து வாங்க அவர்களிடம் காசு கேட்பது எப்படி நியாயமாகும்?

மறுநாள் நானும் ஐ.சி.டி. சேரும் காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். முதல் வேலையாக லெப்டொப்பை ரவுட்டருடன் வயரில் இணைத்து வேகத்தைப் பார்த்தோம். செக்கனுக்கு 34 மெகாபிட். அதே லெப்டொப்பை ஸ்மார்ட் வகுப்பறைக்குக் கொண்டுபோய் வைஃபையில் பார்த்தால் 2 கூட இல்லை. யூடியூபில் 720 தரத்தில் வீடியோ பார்க்க ஏறத்தாழ 2.5 மெகாபிட் போதும், 1080க்கு 5 போதும். அப்படியென்றால் எமக்கு வருகின்ற இணையம் தாராளம். வந்தது வகுப்பறை வரைக்கும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

காரணம் கண்முன்னே இருந்தது. ரவுட்டரை இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறோம்! கள்ளன் எடுத்துவிடுவான் என்ற பயத்தில் செய்தது, வைத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வைஃபை அலைக்கு இரும்புத் தகடு மதில் மாதிரி. லெப்டொப்பிலிருந்து ரவுட்டருக்கே பிங் அடித்துப் பார்த்தோம். ஒன்றிரண்டு மில்லிசெக்கனில் வர வேண்டிய பதில் சில நேரம் 800 வரை இழுத்தது, சிலது வரவேயில்லை. ரவுட்டருக்குப் போகும் வழியிலேயே இப்படியென்றால் வெளியே இருக்கும் கம்பனியைத் திட்டி என்ன பயன்? வெளியே எடுத்து உயரத்தில் மரத்தட்டில் வைத்ததும் வகுப்பறையில் 18 மெகாபிட் வந்தது.

விசயம் அத்தோடு முடியவில்லை. பத்தரை மணி இடைவேளைக்கு மறுபடியும் வட்டம் சுற்றியது. ரவுட்டருக்குள் நுழைந்து பார்த்தால் 43 கருவிகள்! அலுவலகத்தில் இருப்பது நான்கு கணினி. மற்றதெல்லாம் எங்கள் போன்கள்தான். பாஸ்வேர்ட் ஊருக்கே தெரியும். உண்மையைச் சொல்கிறேன், வாசலில் நிற்கும் ஸ்கூல் வேன் தம்பிக்கு அதைக் கொடுத்ததே நான்தான். அன்று யாரோ ஒருவரின் போன் விளையாட்டுப் போட்டிப் படங்களையெல்லாம் கூகுள் போட்டோஸுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. பலரும் கவனிக்காத இடம் இது. எமது இணைப்பில் மேலே அனுப்பும் வேகம் கீழே வரும் வேகத்தை விடக் குறைவு. அந்த வழி நிரம்பினால், "அடுத்த துண்டை அனுப்பு" என்று வீடியோ கேட்கும் சின்னக் கோரிக்கையும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். சூமில் இது இன்னும் மோசம். யூடியூப் முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு ஓடும், நேரடிப் பேச்சில் சேர்த்து வைக்க எதுவும் இல்லை.

இன்னுமொன்று. நூலகத்துப் பழைய கணினியிலும் வீடியோ வெட்டி வெட்டித்தான் ஓடுகிறது. அதற்கும் நெட்டைத்தான் குறை சொன்னோம். யூடியூப் வீடியோ மேல் ரைட் கிளிக் செய்தால் 'ஸ்டேட்ஸ் ஃபோர் நேர்ட்ஸ்' என்று ஒன்று வரும். அதில் பஃபர் 40 செக்கனுக்கு மேல் சேர்ந்திருந்தது, ஆனால் தவறவிட்ட பிரேம்கள் நூற்றுக்கணக்கில் ஏறிக்கொண்டே போயின. வீடியோ வந்து சேர்ந்துவிட்டது, காட்டுவதற்குத்தான் அந்தக் கிழட்டுக் கணினியால் முடியவில்லை. தரத்தை 480க்குக் குறைத்ததும் ஒழுங்காக ஓடியது. இதற்கு எத்தனை ஜிபி பெகேஜ் எடுத்தாலும் பிரயோசனமில்லை.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். அறவீட்டை ஒரு மாதம் நிறுத்துங்கள். அலுவலகத்துக்கும் ஸ்மார்ட் வகுப்பறைக்கும் வைஃபையை நம்பாமல் கேபிள் இழுப்போம். பாஸ்வேர்டை மாற்றுவோம். ஆசிரியர் போன்களுக்கு வேறு பெயரில் கெஸ்ட் வைஃபை போட்டு வேகத்தை மட்டுப்படுத்துவோம். சக ஆசிரியர்கள் கோபிப்பார்கள், தெரியும். முதலில் என் போனையே கழற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகும் வயரில் பார்க்கும் வேகம் குறைந்தால் திகதி, நேரம், அளவு எழுதி கம்பனிக்கு முறைப்பாடு கொடுப்போம். வெறுமனே "நெட் சிலோ" என்று போனில் சொன்னால் "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க" என்ற பதில்தான் வரும். அந்தப் பதிவையும் வைத்துப் பார்த்து பெரிய பெகேஜ் தேவைதான் என்று தெரிந்தால், முதல் நூறு ரூபாயை நானே தருகிறேன்.

அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு. வீடு கட்டி முடித்தவர்கள், கடை வைத்திருப்பவர்கள் யாரிடமாவது மிச்சமான கேட் 6 கேபிள் 30 மீற்றர் அளவில் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். கிரிம்ப் பண்ணும் கருவி ஐ.சி.டி. சேரிடம் இருக்கிறது.