வாசலில் நிற்கப்போகும் வாகனம் எது?

புதிதாக வாகனம் வாங்கியவர்கள் எம்மை அழைப்பது வழக்கம். "சுவாமி, ஒருக்கா வந்து தண்ணி தெளிச்சு விடுங்கோ" என்பார்கள். நாமும் போவோம். சில்லுகளுக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியிருக்கும். எமக்கு முன்னரே கோயில் ஐயர் வந்துபோன அடையாளம் அது. அதற்காக நாம் யாரோடும் கோபிப்பதில்லை. தண்ணீரைத் தெளித்து, தேநீரைக் குடித்து, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒழுங்கை முடிவுமட்டும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவோம். சில மாதங்களில் அதே வீட்டிலிருந்து இன்னோர் அழைப்பு வரும். "கொம்பனிக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ சுவாமி, இரண்டு தவணை பிந்திப்போச்சு." இந்த இரண்டு அழைப்புகளுக்கும் இடைப்பட்ட காலம் வரவரக் குறுகிக்கொண்டு போவதைக் கண்டதனாலேயே இதை எழுதுகின்றோம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஐந்து வருடங்களாக அடக்கிவைத்திருந்த ஆசை எல்லாம் ஒரேயடியாக வெளியே வருகின்றது. வாங்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றுக்கு வாகனம் என்றால் என்ன என்பதை எமது மக்களுக்கு எவரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டபோது, சைக்கிள் வைத்திருந்தவன் அரிசி மூட்டையைக் கொண்டுவந்தான். லாண்ட்மாஸ்டர் வைத்திருந்தவன் தாய் தகப்பனைக் கொண்டுவந்தான். 2009இல் வன்னியில் உழவு இயந்திரப் பெட்டிதான் வீடு, பெட்டிதான் நோயாளர் வண்டி. கடைசியில் அவற்றையும் கடற்கரையில் விட்டுவிட்டு நடந்தோம். மீளக்குடியேறிய காலத்தில் துருப்பிடித்துக் குவிந்து கிடந்த வாகனங்களுக்கு நடுவே தன்னுடையதைத் தேடியலைந்தவர்கள், இழந்ததைத் திரும்ப வாங்க விரும்புவது நியாயமே.

ஆனால் எதை வாங்குவது?

எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். இரண்டு மூன்று ஏக்கர் வயலும் ஒரு தோட்டத் துண்டும் உள்ள குடும்பத்துக்குப் பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர் போதும். பெரிய உழவு இயந்திரம் வேண்டாம். கப் ரக வாகனம் வேண்டவே வேண்டாம்.

பெரிய இயந்திரம் ஒரு ஏக்கரை ஒருதடவை உழுவதற்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் போதும். மூன்று ஏக்கரையும் இரண்டு தடவை உழுதாலும் ஒரு நாளில் சொந்த வேலை முடிந்துவிடும். முன்னைய காலத்தில் சூடு மிதிக்கவும் அதுவே தேவைப்பட்டது. இப்போது அறுவடை இயந்திரம் வந்து வெட்டி, அடித்து, சாக்கில் கட்டும் பதத்தில் நெல்லைத் தந்துவிட்டுப் போகின்றது. எனவே குளத்து நீர் இல்லாமல் பெரும்போகம் மட்டும் செய்பவருக்குப் பெரிய இயந்திரத்தால் ஆகும் சொந்த வேலை வருடத்தில் சில நாட்களே. இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற குளங்களின் கீழ் சிறுபோகமும் செய்பவருக்கு அது இன்னும் சில நாட்கள் கூடும். மிச்ச நாட்களில் கூலி உழவு செய்து தவணை கட்டலாம் என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கை ஊரிலுள்ள மற்ற வீடுகளிலும் போட்டிருக்கின்றார்கள் என்பதுதான் சிக்கல். மழை விழுந்த கிழமையில் எல்லோருக்கும் இயந்திரம் தேவை. அதற்கு அடுத்த மாதம் எந்த இயந்திரத்துக்கும் வேலை இல்லை.

லாண்ட்மாஸ்டர் ஒரு ஏக்கரைக் கொத்தி முடிக்க அரைநாளுக்கு மேல் எடுக்கும். அதன் பின்னால் நடக்கின்ற மனிதனுக்கு மாலையில் தோள் கழன்றுபோகும். இதை நாம் மறைக்கவில்லை. வயல் உழவைக் கூலிக்கு விட்டுவிடுங்கள் என்பதே எமது ஆலோசனை. லாண்ட்மாஸ்டரின் பெறுமதி உழவில் மட்டும் இல்லை. பெட்டியைக் கழற்றிவிட்டு வார்ப்பட்டி போட்டால் அதே எஞ்சின் தண்ணீர் இறைக்கும். சுழல் கலப்பையைப் பூட்டினால் மிளகாய்த் தோட்டத்தையும் வெங்காயத் தறையையும் பண்படுத்தும். பெட்டியைப் பூட்டினால் எரு, விறகு, மணல், வைக்கோல், சந்தைக்குப் போகும் பூசணிக்காய், பிரசவத்துக்குப் போகும் மருமகள், எல்லாவற்றையும் ஏற்றலாம். மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் அளவில்தான் போகும். எமது ஒழுங்கைகளில் அதற்குமேல் போகவும் கூடாது. ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். ஊரில் ஒரு மரத்தடியில் இருக்கும் மெக்கானிக்கே கழற்றிப் பூட்டிவிடுவார். இது சிறிய விடயமல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய எமக்கும், 2022இல் டீசல் வரிசையில் இரவு பகலாய் நின்ற எமக்கும், குறைவாகக் குடித்து ஊருக்குள்ளேயே திருத்தக்கூடிய எஞ்சினின் அருமை தெரிய வேண்டும்.

'பட்டா' பற்றியும் கேட்கின்றார்கள். முக்கால் தொன் சுமக்கும் நல்ல சின்ன வாகனம்தான். மழைக்காலத்தில் வயல் வரம்போரம் அது போகாது. தார் வீதியில் ஓடும். காணி இன்னும் விடுவிக்கப்படாமல் உறவினர் வளவிலோ வாடகை வீட்டிலோ இருந்துகொண்டு, மரக்கறி வாங்கி விற்றுச் சீவிக்கும் குடும்பத்துக்கு லாண்ட்மாஸ்டரைவிட இது பொருத்தமாக இருக்கலாம். காணி கிடைத்தபின் விற்றுவிட்டு மாறலாம் என்று நினைப்பவர்கள், வாங்கும்போதே விற்கும் விலையையும் விசாரித்து வைக்க வேண்டும். ஊரில் எல்லோரும் வாங்கும் ரகம் அழகில்லாவிட்டாலும் எளிதில் விலைபோகும்.

இனி லீசிங். வாகனப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் கொம்பனியின் பெயர் இருக்கும்வரை வாகனம் உங்களுடையது அல்ல. நீங்கள் அதை ஓட்டுபவர், அவ்வளவுதான். தவணை மாதாமாதம் வரும். நெல்லுக் காசோ வருடத்தில் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை வரும். இடையிலுள்ள மாதங்களில் தாலிக்கொடி அடைவுக்குப் போகின்றது, பிறகு பசு போகின்றது, பிறகு இன்னொரு கடன் எடுத்து இந்தக் கடனைக் கட்டுகின்றார்கள். நாம் அறிந்த ஒரு வீட்டில், தவணைகளில் பெரும்பகுதியைக் கட்டிமுடித்த பின்னர், ஒரு விடியற்காலையில் ஆட்கள் வந்து இயந்திரத்தை இழுத்துக்கொண்டு போனார்கள். பெட்டிக்குள் இருந்த மண்வெட்டியும் போயிற்று. அந்தக் கமக்காரர் இயந்திரத்தை விட்டுவிட்டு அந்த மண்வெட்டியைப் பற்றியே பலநாள் பேசிக்கொண்டிருந்தார்.

ஆகவே லீசிங் எடுப்பதாக இருந்தால் கையெழுத்திட முன்னர், போகத்துக்கு ஒருமுறை கட்டும் ஒழுங்கு தரமுடியுமா என்று கேளுங்கள். இல்லையென்றால், நல்ல நிலையிலுள்ள பழைய லாண்ட்மாஸ்டரைக் கைக்காசுக்கு வாங்குங்கள். பழையதை வாங்கும்போது பெயின்ற்றைப் பார்க்க வேண்டாம். குளிர்ந்த எஞ்சினை உங்கள் கையாலே சுற்றி இயக்கிப் பாருங்கள். விற்பவர் காலையிலேயே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள். எஞ்சின் இலக்கத்தையும் சசி இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். போர்க்காலத்தில் புத்தகமின்றிக் கைமாறியவை பல; அவற்றை மலிவென்று வாங்கி, பிறகு கச்சேரிக்கும் பொலிசுக்கும் அலைந்தவர்களை நாம் கண்டிருக்கின்றோம்.

இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்குவது நல்லது என்று முன்பெல்லாம் பிரசங்கம் செய்துவந்தோம். இப்போது சற்று அடக்கமாகச் சொல்கின்றோம். சகோதரர்களிடையே கூட, ரயர் வெடித்த அன்று யாருடைய முறை என்பதில் பேச்சு முறிந்துபோகின்றது. சேர்ந்து வாங்குவதானால் யார் எந்த நாள், டீசல் யாருடையது, திருத்தச் செலவு எப்படி என்பதை ஒரு கொப்பியில் எழுதி, கமக்காரர் அமைப்பின் தலைவரைச் சாட்சியாக வைத்துக் கையொப்பமிடுங்கள். யார் ஓட்டப்போகின்றார் என்பதையும் யோசியுங்கள். மகன் கேட்டான் என்று வாங்கி, மகன் வெளிநாடு போய்விட, வாகனம் மாமரத்தின் கீழ் கோழி அடையும் இடமாகிவிட்ட வீடுகள் உண்டு. பெண்கள் தனித்து நடத்தும் குடும்பங்கள் கையால் சுற்றாமல் சாவியால் இயங்கும் ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

பொழுதுபோக்குக்கு வாகனமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எமக்கு அந்த எண்ணம் இல்லை. முகாமிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெட்டியில் ஏறுவது என்றால் ஓடுவது என்றுதான் தெரிந்திருந்தது. அதே பெட்டியில் பாய் விரித்து, சோற்றுப் பானையோடு வற்றாப்பளைப் பொங்கலுக்கோ கடற்கரைக்கோ போய், மாலையில் அதே வீட்டுக்குத் திரும்பி வருவது அவர்கள் படிக்கவேண்டிய ஒரு பாடம். வாகனம் வாங்கக் கணக்குப் போடும்போது அந்த நாட்களையும் வேலைநாளாகவே எண்ணுங்கள். ஆனால் ஊர் வீதிகளோடு நில்லுங்கள். ஆவணியில் மடுவுக்குப் போவதென்றால் பஸ்ஸில் போங்கள். ஏ9 வீதி லாண்ட்மாஸ்டருக்கு உரிய இடமல்ல. பெட்டியின் பின்பக்கத்தில் ஒளிதெறிக்கும் சிவப்புத் தகடு இல்லாமல் இருட்டியபின் வீதிக்கு இறங்க வேண்டாம்.

இன்னொன்று. குளக்கட்டிலிருந்து சுமையோடு இறங்கும்போது லாண்ட்மாஸ்டர் எதிர்மாறாகத் திரும்பும். மட்டமான நிலத்தில் இடப்பக்கப் பிடியை அழுத்தினால் இடப்பக்கம் திரும்புவது, இறக்கத்தில் வலப்பக்கம் திரும்பும். பிடியை அழுத்திய பக்கத்துச் சில்லு எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்டு, பின்னால் தள்ளும் பாரத்தால் வேகமாக உருளுவதே காரணம். இது தெரியாமல் வாய்க்காலுக்குள் போனவர்கள் உண்டு. இறக்கத்தில் சிறிய கியரில், பிடியைத் தொடாமல் இறங்குங்கள். புதிதாக ஓட்டப் பழகும் பிள்ளைக்கு வெறும் பெட்டியோடு இதைக் காட்டிக்கொடுத்த பிறகே சுமை ஏற்றவிடுங்கள்.

தண்ணீர் தெளிக்கக் கூப்பிட்டால் நாம் எப்போதும்போல் வருவோம். வரும்போது வாகனப் புத்தகத்தையும் ஒருக்கால் காட்டுங்கள்.