யாருடைய குடும்பம்?

கிரிக்கெட் வீரர்களின் வாழ்க்கைக் குறிப்புகளில் அடிக்கடி ஒரு வாக்கியம் வரும்: 'விளையாட்டுப் பாரம்பரியம் மிக்க குடும்பத்தில் பிறந்தவர்.' குடும்பம் என்று எழுதிவிட்டு, தாத்தா, அப்பா, சித்தப்பா, அண்ணன் என்று ஆண்களை மட்டும் எண்ணுகிறார்கள். பெண்களே இல்லாமல் குடும்பம் நடத்திய அதிசயப் பிறவிகள்!

ஐவோ ப்ளையை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் டார்ன்லி பிரபு வீட்டு மகன். முன்னோரில் மட்டை பிடித்தவர்கள் பலர். ஈட்டன் பள்ளி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், 1881இல் பல்கலைக்கழக அணியின் தலைமை. அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியா சென்ற இங்கிலாந்து அணிக்கும் தலைமை. வரலாறு இதைத் திறமை என்கிறது. திறமை இருந்திருக்கும். அது முளைப்பதற்கான மைதானமும் ஓய்வும் படிப்பும் பிறக்கும்போதே அவர் பெயரில் எழுதப்பட்டிருந்தன.

அதே 1881இல் கேம்பிரிட்ஜ் பெண்களுக்கும் ஒரு 'சலுகை' தந்தது. கிர்ட்டன், நியூன்ஹாம் கல்லூரிப் பெண்கள் பட்டத் தேர்வு எழுதலாம். பட்டம் மட்டும் கிடையாது. 1897இல் பட்டம் கேட்டபோது, சைக்கிளில் அமர்ந்த பெண்ணின் உருவ பொம்மையைத் தெருவுக்கு மேலே தொங்கவிட்டார்கள் ஆண் மாணவர்கள். பட்டம் கிடைத்தது 1948இல்.

இன்றும் ப்ளையின் பெயர் நிலைத்திருப்பது ஆஷஸ் கலசத்தால். அதைக் கொடுத்தவர்கள் பெண்கள். 1882இல் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவிடம் இங்கிலாந்து தோற்றது. ஆங்கிலக் கிரிக்கெட் செத்துவிட்டது, அதன் சாம்பல் ஆஸ்திரேலியா போகும் என்று லண்டன் பத்திரிகை ஒன்று கேலியாக இரங்கல் எழுதியது. சாம்பலை மீட்டு வருவேன் என்று கிளம்பிய ப்ளையிடம், சுமார் 11 செ.மீ. உயரமுள்ள சுடுமண் கலசம் ஒன்றை மெல்போர்ன் பெண்கள் சிலர் விளையாட்டாகத் தந்தார்கள். ஜேனட் கிளார்க்கும், அவர் வீட்டில் இசை கற்பித்த ஃப்ளோரன்ஸ் மார்ஃபியும் அவர்களில் இருந்தார்கள். பெண்களின் அந்தக் கேலியைத்தான் ஆண்கள் பிறகு தங்கள் புனிதப் பொருளாக்கிக்கொண்டார்கள்.

ஃப்ளோரன்ஸ் 1884இல் ப்ளையை மணந்தார். 1927இல் கணவர் இறந்தபின், லார்ட்ஸ் மைதானத்துக்குச் சொந்தக்காரர்களான எம்.சி.சி. கழகத்துக்குக் கலசத்தைக் கொடுத்தார். 1900இல் கணவர் தலைமை வகித்த கழகம் அது. மனைவியோ அதில் சாதாரண உறுப்பினராகக்கூட முடியாது. அவர் கையிலிருந்த பொருள் வேண்டும், அவர் வேண்டாம்! பெண்களைச் சேர்த்துக்கொள்ள அக்கழகம் வாக்களித்தது 1998இல்.

'அந்தக் காலம் அப்படி' என்பார்கள். 1998 எந்தக் காலம்? இங்கிலாந்துப் பெண்கள் 1934இலேயே ஆஸ்திரேலியா போய் டெஸ்ட் ஆடியவர்கள். முதல் பெண்கள் உலகக் கோப்பை 1973இல் நடந்தது. ஆண்களுக்கு அது வந்தது 1975இல்தான். பெண்களுக்கு ஆடத் தெரியாது என்பதால் கதவு மூடியிருக்கவில்லை. திறந்தால் பங்கு கேட்பார்கள் என்பதால் மூடியிருந்தது.

'விளையாட்டுக் குடும்பம்' என்று இனி எங்கே படித்தாலும் நிறுத்திக் கேளுங்கள்: அந்த வீட்டு மகள் எந்த மைதானத்தில் ஆடினாள்? எந்தப் பல்கலைக்கழகம் அவளுக்குப் பட்டம் தந்தது? எந்தக் கழகம் நாற்காலி போட்டது? பதில் இல்லையென்றால் அதைக் குடும்பம் என்று ஏற்காதீர்கள். அது அப்பனிடமிருந்து மகனுக்குக் கைமாறிய சொத்து. அதற்குப் 'பாரம்பரியம்' என்று பெயர் சூட்டிக் கைதட்டும் வேலையை நாமும் செய்ய வேண்டாம்.