70% அடைப்பா? ரத்தம் போகுதான்னு கேளுங்க

ஸ்கேன் ரிப்போர்ட்டில் '70% அடைப்பு' என்று பார்த்ததுமே பாதி உயிர் போய்விடும். அடுத்து ஸ்டென்ட்தானே? அவசரப்படாதீங்க. அடைப்பு எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அதைத் தாண்டி ரத்தம் போதுமான அளவு போகிறதா என்பது வேறு கேள்வி.

இரண்டாவதற்கான பதில்தான் எஃப்.எஃப்.ஆர். ரத்த ஓட்டம் உச்சத்தில் இருக்கும்போது, அடைப்புக்குப் பின்னுள்ள அழுத்தத்தை முன்னுள்ள அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண். 0.80-க்கு மேல் என்றால் பெரும்பாலும் மருந்தே போதும். இதை அளக்க இதய ரத்தக்குழாய்க்குள் மெல்லிய கம்பி விட வேண்டும். இப்போது சி.டி. ஸ்கேன் படத்திலிருந்தே குழாய்களின் முப்பரிமாண மாதிரியை உருவாக்கி, அதில் ரத்தம் ஓடுவதைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டு அந்த எண்ணைச் சொல்கிறார்கள். இப்படிக் கணிக்கும் ஹார்ட்ஃப்ளோ மென்பொருளுக்கு அமெரிக்கா 2014-ல் அனுமதி தந்தது.

பிரிட்டனில் 1,400 பேரிடம் நடந்த ஃபோர்காஸ்ட் ஆய்வில், இதனால் ஆஞ்சியோ குறைந்தது. மொத்தச் செலவு குறையவில்லை. (விளம்பரத்தில் இது வராது.)

ஆனாலும் ஸ்டென்ட்டுக்குச் சம்மதிக்கும் முன் 'எஃப்.எஃப்.ஆர். எவ்வளவு டாக்டர்?' என்று கேட்பது நம் உரிமை என்பேன். கம்ப்யூட்டர் சொல்லும் எண் 0.80-ஐ ஒட்டி வந்தாலோ, கால்சியம் படிந்து படம் தெளிவில்லாமல் போனாலோ, கம்பி விட்டே அளக்கணும். மாரடைப்போடு வருபவருக்கு இந்தக் கணக்குக்கெல்லாம் நேரமில்லை. நேரா கேத் லேப்தான்.