‘கண்டறியப்படவில்லை’ன்னா இல்லைன்னு அர்த்தமா?

மண் பரிசோதனை ரிப்போர்ட்ல பாதரசம் ‘கண்டறியப்படவில்லை’ன்னு ஒரு வரி வந்தா போதும், "அப்பாடா, இல்லை"ன்னு நம்மாளுங்க கிளம்பிடறாங்க. ஐயா, ரெண்டும் ஒண்ணில்லை!

மண்ணை 105 டிகிரி ஓவன்ல காயவெச்சு அளக்கறது ஈயத்துக்குச் சரி. பாதரசமோ அறை வெப்பத்துலயே ஆவியாகற ஜாதி. காயறதுக்குள்ள நழுவிடும். சாதா பிளாஸ்டிக் பையில வாரக்கணக்குல வெச்சாலும் அதே கதைதான். மிச்சத்தை அளந்து ‘சுத்தம்’னு கையெழுத்து!

கருவி இன்னொரு கூத்து. மாசுபடாத மண்ணுல கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்கூட இருக்காது. 1 மில்லிகிராமுக்குக் கீழ கண்ணு தெரியாத கருவிக்கு, அதைப்போல ஒன்பது மடங்கு அழுக்கான மண்ணும் உத்தமன்தான். குளிர் ஆவி முறையில, 253.7 நானோமீட்டர் ஒளியில பார்த்தா மாட்டிக்கும்.

நம்ம கொடைக்கானலையே எடுத்துக்கோங்க. தெர்மாமீட்டர் ஆலை 2001ல மூடியாச்சு. அந்த மண்ணைச் சுத்தம் பண்ண கிலோவுக்கு 20 மில்லிகிராம்னு ஒரு இலக்கு வெச்சாங்க. பிரிட்டன் மாதிரி 1 வேணும்னு போராடினவங்க கேட்டாங்க. நான் 1 பக்கம். ஆனா ஓவன்ல பறக்கவிட்டுட்டு அளந்தா, எந்த இலக்கும் சும்மா காகிதம்தான்.

அடுத்த தடவை யாராவது ரிப்போர்ட்டை நீட்டினா ரெண்டே கேள்வி கேளுங்க. எப்படிக் காயவெச்சீங்க? எந்த அளவுக்குக் கீழ உங்க கருவிக்குத் தெரியாது?

பதில் வரலைன்னா, அந்த ரிப்போர்ட்டுல பஜ்ஜி எண்ணெயை ஒத்தி எடுக்கலாம்.