சாவி யார் கையில்?

1957ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை திருகோணமலையை விட்டகன்றது. அதுவரை நம் வாசலிலிருந்த துறைமுகத்தின் சாவி நம் கையில் இருக்கவில்லை. இன்று அன்புவழிபுரத்திலிருந்து நாம் அனுப்பும் செய்தி, வகுப்பு ஒத்திவைப்பாயினும் சங்கக் கூட்டத்துக்கான அழைப்பாயினும், அந்நியக் கம்பனியொன்றின் வாட்ஸ்அப் வழியாகவே செல்கின்றது. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் அரசாங்கம் அவ்வழியை அடைத்தபோது மாற்றுவழி தேடி அலைந்தோம். அரசைக் கண்டித்தோம், நியாயமே. ஆனால் நம் பேச்சின் சாவி ஏன் பிறர் கையிலிருந்தது என்று கேட்டோமா?

நமக்கென்று ஓர் உரையாடற் சேவையகம் அமைப்போம் என்போர் நம் நண்பருள் உண்டு. நல்ல எண்ணம். நிரலைத் திறந்து வைத்தாலே அது மக்கள் உடைமையாகிவிடும் என்று அவர்கள் நம்புவதைத்தான் நாம் மறுக்கின்றோம். இணைய உரையாடல் அறைகளை இயக்கும் அன்ரியல் ஐஆர்சிடி, யாவரும் படிக்கத்தக்க நிரல். 2009 நவம்பரில் யாரோ அதன் பதிவிறக்கப் பிரதியை மாற்றி உள்ளே கள்ளவாசல் வைத்தனர். 2010 ஜூன் வரை, ஏறத்தாழ ஏழு மாதம், அது வெளிப்படவில்லை. படிக்கலாம் என்பது வேறு, படித்தார்கள் என்பது வேறு அல்லவா? பிரதி அசல்தானா என்று சோதிக்க மின்கையொப்பமும் அப்போது இடப்பட்டிருக்கவில்லை.

ஆகவேதான் நிரல் சிறிதாக வேண்டும் என்கின்றோம். வேண்டாத வசதிகளை வெட்டுவது பிற்போக்கு என்று சிரிப்போர் சிரிக்கட்டும். (பரீட்சை அட்டவணை அனுப்புவதற்கு ஆடும் பொம்மைகள் எதற்கென்பது நமக்கு இன்னும் விளங்கவில்லை.) நம் மாணவர் பத்துப்பேர் அமர்ந்து படித்து முடிக்க இயலாத நிரலை நாம் எவ்வாறு காக்கப்போகின்றோம்?

நிரலினும் பெரிய தொல்லை நிர்வாகி. ஃப்ரீநோட் தொண்டர்கள் பல்லாண்டு நடத்திய உரையாடல் வலையமைப்பு. 2021 மே மாதத்தில் ஒரு செல்வந்தர் அது தம் உடைமையென உரிமை கொண்டாடவே, தொண்டர்கள் கூட்டாக விலகி லிபெரா சாட் என்ற புதிய வலையமைப்பை நிறுவினர். அப்புதிய இடத்தின் பெயரைத் தம் அறிவிப்பில் எழுதிய குற்றத்துக்காக நூற்றுக்கணக்கான அறைகள், அவற்றை நடத்தியோரிடமிருந்து பறிக்கப்பட்டன. அங்கே எவரும் பூட்டை உடைக்கவில்லை. நிர்வாகியின் கட்டளையே போதுமானதாயிருந்தது.

நம் சங்கம் சேவையகம் அமைக்குமாயின், நிர்வாகி இடும் ஒவ்வொரு கட்டளையும் தேதியோடு பதிவாக வேண்டும். அவரே அழிக்க இயலாதவாறு அப்பதிவு வேறோர் இயந்திரத்தில் இருக்க வேண்டும். மாதக் கூட்டத்தில் வரவு செலவோடு அதுவும் வாசிக்கப்பட வேண்டும். உறுப்பினர் பேசியதையல்ல, நிர்வாகி செய்ததை. இது அவரை அவமதிப்பதாகுமாம்! பொருளாளரிடம் சந்தாவுக்குப் பற்றுச்சீட்டுக் கேட்கின்றோமே, அவரைத் திருடரென்றா நினைக்கின்றோம்? ஆண்டுதோறும் நிர்வாகியும் தேர்தலில் நிற்கட்டும். தோற்றால் அன்று மாலையே கடவுச்சொல்லை மாற்றுவோம்.