மிஸ் இந்தியா: மகுடத்தை யார் சூட்டுகிறார்கள்?

ஒரே ஆண்டில் இரண்டு பெண்கள் 'இந்திய அழகி' ஆனதாகச் செய்தி வரும்போது, இவர்களில் யார் அசல் என்று வாசகர்கள் குழம்புகிறார்கள். இருவருமே அசல்தான். இந்தப் பட்டத்தை அரசு தருவதில்லை. தனியார் நிறுவனங்கள் போட்டி நடத்தித் தருகின்றன. உலக அழகிப் போட்டிக்கும் பிரபஞ்ச அழகிப் போட்டிக்கும் இந்தியாவிலிருந்து ஆளனுப்பும் உரிமத்தை யார் வைத்திருக்கிறாரோ, அவர் தேர்ந்தெடுப்பவர் அந்த மேடையில் நாட்டின் பெயரைத் தாங்குகிறார். உரிமம் கைமாறினால், பட்டத்தின் பெயரும் மாறுகிறது.

தொடக்கம் 1947. கல்கத்தாவின் யூதக் குடும்பத்தில் பிறந்த நடிகை பிரமிளா முதல் மிஸ் இந்தியா. 20 ஆண்டுகள் கழித்து அவருடைய மகள் நக்கி ஜஹானும் அந்தப் பட்டத்தை வென்றார்.

1952இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் முதல் பிரபஞ்ச அழகிப் போட்டி நடந்தது. அதன் பின்னணி பலருக்குத் தெரியாது. மிஸ் அமெரிக்கா பட்டம் வென்ற யோலாண்ட் பெட்பீஸ், நீச்சலுடையில் விளம்பரப் படம் எடுக்க மறுத்தார். ஆதரவளித்து வந்த கேட்டலினா நீச்சலுடை நிறுவனம் அந்தப் போட்டியிலிருந்து விலகிப் புதிய போட்டியைத் தொடங்கியது. பிறப்பிலேயே அது வணிகம்.

அந்த முதல் மேடையில் இந்தியாவின் சார்பில் நின்றவர் இந்திராணி ரஹ்மான். சென்னையில் பிறந்து, பந்தநல்லூர் சொக்கலிங்கம் பிள்ளையிடம் பரதம் பயின்றவர். அப்போதே அவர் மணமானவர், தாய். பின்னாளில் விதிகள் மணமானவர்களுக்குக் கதவடைத்தன. பிரபஞ்ச அழகி அமைப்பு 2023இல்தான் அந்தத் தடையை நீக்கியது. அடுத்த ஆண்டு வயது வரம்பையும் தளர்த்தியது. தகுதி எது என்பதைப் போட்டி நடத்துவோர் காலத்துக்கேற்ப மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அறுபதுகளில் மகளிர் பத்திரிகைகள் களமிறங்கின. ஈவ்ஸ் வீக்லி ஒரு போட்டி நடத்தியது. 1964இல் ஃபெமினா தன் போட்டியைத் தொடங்கியது. ஈவ்ஸ் வீக்லி அனுப்பிய ரீட்டா ஃபாரியா 1966இல் லண்டனில் உலக அழகியானார். ஆசியாவிலிருந்து அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். மும்பை கிராண்ட் மருத்துவக் கல்லூரி மாணவியான அவர், பட்டத்துக்குரிய ஓராண்டு முடிந்ததும் படிப்புக்கே திரும்பி மருத்துவரானார்.

அடுத்த பெரிய வெற்றிக்கு 28 ஆண்டுகள் ஆயின. 1994இல் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகி, ஐஸ்வர்யா ராய் உலக அழகி. 2000 வரையிலான ஏழு ஆண்டுகளில் இவ்விரு பட்டங்களும் ஆறு முறை இந்தியாவுக்கு வந்தன. 1991இல் சந்தை திறக்கப்பட்டதால், அழகுசாதன நிறுவனங்கள் பணம் கொடுத்து வாங்கிய வெற்றிகள் இவை என்று இன்றும் பேசுகிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. நடை, பேச்சு, உணவு என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி பெற்று அந்தப் பெண்கள் உழைத்தார்கள். அந்த வெற்றியை நிறுவனங்கள் பிறகு நன்றாக விற்றுக்கொண்டன. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே நியாயம்.

1996இல் உலக அழகிப் போட்டி பெங்களூருக்கு வந்தபோது, பெண்ணிய அமைப்புகளும் பண்பாட்டுக் காவலர்களும் வெவ்வேறு காரணங்களுக்காக எதிர்த்தனர். மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து இறந்தார். நீச்சலுடைச் சுற்று மட்டும் செஷல்ஸ் தீவுக்குப் போனது. சுமார் இருபதாண்டுகளுக்குப் பிறகு அந்தச் சுற்றையே உலக அழகி அமைப்பு கைவிட்டது. பெண்ணுடலைப் பண்டமாக்காதீர்கள் என்ற குரல் வெற்றுக் கூச்சல் அல்ல என்பது இதில் தெரிகிறது.

2018இல் திருச்சியைச் சேர்ந்த அனுக்ரீத்தி வாஸ் ஃபெமினா மிஸ் இந்தியா ஆனபோது தமிழ்நாடு மகிழ்ந்தது. மகிழ்வதில் தவறில்லை. ஆனால் அந்த மகுடம் சில நடுவர்களின் ஓரிரவுத் தீர்ப்பு. நாட்டுப் பெண்களின் அழகுக்கு அதை அளவுகோலாக வைத்து, நிறத்தையும் உயரத்தையும் காட்டி வீட்டுப் பெண்களைக் குறை சொல்லாதீர்கள்.

மேடையேற விரும்பும் மகளைத் தடுக்கவும் வேண்டாம். போட்டியை நடத்துவது யார், எந்த உலகப் போட்டிக்கான உரிமம் அவர்களிடம் இருக்கிறது, கட்டணம் எவ்வளவு, வென்றால் எத்தனை காலம் அவர்களுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று கேளுங்கள். ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே கையெழுத்திடச் சொல்லுங்கள்.