பாட்டு மட்டும் இனிக்கிறதோ?

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமானூர். பாலத்தைக் கடந்து தெற்கே சென்றால் திருவையாறு. ஆண்டுதோறும் அங்கே பாடகர் கூட்டம் கூடுகிறது. வரிசை வரிசையாய் அமர்ந்து ஒரே குரலில் பாடுகிறது. வானொலியும் தொலைக்காட்சியும் அந்த இசையை வீடுதோறும் கொண்டு சேர்க்கின்றன. இக்கரையில் நிற்கும் நமக்கு இசையின் மீது பகை ஏதும் இல்லை. ஆனால், அந்த மேடையின் வாயிற்படியிலே யார் யார் தடுத்து நிறுத்தப்பட்டனர் என்ற கணக்கு மட்டும் நம்மிடம் உண்டு.

தியாகராசருக்கு அங்கே நினைவுக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபிலே பிறந்தவர். தாம் பாடிச் சேர்த்த பொருளைக் கொட்டி, 1926இல் அந்தப் பணியை முடித்தார். அந்த அம்மையார் அங்கே பாட விரும்பியபோது, பெண்கள் பாடுவது வழக்கமில்லை என்றார்கள். கட்டடம் எழுப்பப் பெண்ணின் பணம் ஆகும். பாட்டு எழுப்பப் பெண்ணின் குரல் ஆகாது! அம்மையார் அழுதுகொண்டு வீடு திரும்பவில்லை. பெண்களைத் திரட்டித் தனியே விழா நடத்தினார். 1940களின் தொடக்கத்திலேதான் பிரிந்து கிடந்த குழுக்கள் ஒன்றாயின. பிறகு 1946இல், அதே இடத்தில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடினார் என்பதற்காகத் 'தீட்டு' என்ற கூச்சல் எழுந்தது. அந்தக் கூச்சலுக்கு நம் இயக்க ஏடுகள் தந்த சூட்டை மூத்த தோழர்களிடம் கேட்டறிக.

பெண்ணைத் தடுத்தார்கள், தமிழைத் தடுத்தார்கள். இரண்டு தடைகளும் தூளாயின. இன்று அதே வாயிற்படியில் நிற்போர் யார்? திருநங்கையர், திருநம்பியர், தம் பாலினத்தவர் மீதே காதல் கொள்வோர். அவர்களிலே பாடுவோர் உண்டு, ஆடுவோர் உண்டு, முழவு கொட்டுவோர் உண்டு. அவர்களை நோக்கி நாடு சொல்வது இதுதான்: "உன் பாட்டைக் கொடு; உன்னை மறைத்துக்கொள்."

"இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது" என்று ஓலமிடுகின்றனர் பழைமை விரும்பிகள். சிலப்பதிகாரத்தைப் பூட்டி வைத்துவிட்டுப் பேசுகிறார்களோ, என்னவோ! மாதவி ஆடிய பதினோர் ஆடல்களுள் ஒன்று 'பேடு'. மணிமேகலையிலே பூம்புகார் வீதியில் பேடிக் கூத்தைக் கூடி நின்று காணும் மக்கள் வருகின்றனர். ஆண்மை திரிந்தோரை எத்திணைச் சொல்லால் சுட்டுவது என்பதற்குத் தொல்காப்பியரே இலக்கணம் வகுத்தார். மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது வேறு ஒன்று. அது மெக்காலே வரைந்து, 1860இல் சட்டமான தண்டனைத் தொகுப்பின் 377ஆம் பிரிவு! அதன் பின்னாலேயே வந்தது 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம். நம் தென்பாண்டி மக்களைக் கைரேகை வைக்கச் சொன்ன சட்டம் என்று மட்டுமே அதை நாம் அறிவோம். அதற்கு இரண்டாம் பகுதி ஒன்று இருந்தது. அது வடநாட்டிலே திருநங்கையர் மீது பாய்ந்தது. பதிவேட்டில் ஏறியவர் பெண்ணுடையில் பொதுவீதியில் தோன்றினால், ஆடினால், இசைக்கருவி வாசித்தால், கூலி பெற்று ஒருவர் வீட்டிலே ஆடினாலும்கூட, பிடியாணையின்றிக் கைது. இரண்டாண்டு வரை சிறை! எண்ணிப் பாருங்கள், தோழர்களே! திருடினால் சிறை என்பது தெரியும். தாளம் தட்டினால் சிறை என்று சட்டம் எழுதியவர்கள் வெள்ளையர்கள். அந்தச் சட்டத்தின் மனப்பான்மையைத்தான் 'நம் பண்பாடு' என்று இங்குள்ள காவலர்கள் தலைமேல் தாங்குகிறார்கள்.

377ஆம் பிரிவின் பல்லைப் பிடுங்கிய தீர்ப்பு 2018 செப்டம்பர் 6ஆம் நாள் வெளிவந்தது. அவ்வழக்கு யார் பெயரால் வழங்குகிறது? நவ்தேஜ் சிங் ஜோஹர். சீக்கியர், பரதம் ஆடுபவர், சென்னைக் கலாசேத்திராவில் பயின்றவர். தஞ்சைத் தரணி வளர்த்த கலையைக் காலில் கட்டிக்கொண்ட ஒருவர், "நான் குற்றவாளி அல்லேன்" என்று உச்ச நீதிமன்றத்தின் படியேறினார். இதைச் சபாக்களின் மலர்களில் எத்தனை பக்கம் எழுதினார்கள் என்று தேடிப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு.

தஞ்சை என்றதும் நர்த்தகி நடராஜ் நினைவுக்கு வருகிறார். மதுரையிலே பிறந்தவர். தம்மைப் பெண்ணென்று உணர்ந்த நாள் முதல் வீட்டிலும் வீதியிலும் ஏச்சு. தோழி சக்தியுடன் ஊரைவிட்டு வெளியேறினார். தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பாப் பிள்ளையிடம் போய் நின்றார். காத்திருக்க வைத்து, பிறகு ஏற்றுக்கொண்ட அந்த ஆசான், அவருக்கு 'நர்த்தகி' என்ற பெயரையும் தந்தார். பல்லாண்டுப் பயிற்சி. 2019இல் பத்மசிறீ, திருநங்கை ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. 2021இல் தமிழ்நாட்டின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவிலும் இடம். அவர் மறைத்து ஆடியிருந்தால் ஒரு நல்ல ஆட்டக்காரர் கிடைத்திருக்கலாம். மறைக்காமல் ஆடியதால் எத்தனை சிறார்க்கு மூச்சு வந்திருக்கும்!

கருநாடகத்திலே மஞ்சம்மா ஜோகதி. எல்லம்மன் பெயரால் நேர்ந்து விடப்பட்டு, வீட்டைத் துறந்து, பிச்சையெடுத்து, ஜோகதி ஆட்டமும் பாட்டும் கற்றவர். அந்த மாநிலத்தின் நாட்டுப்புறக் கலைக் கழகத்துக்குத் தலைவராய் உயர்ந்தார். 2021இல் குடியரசுத் தலைவர் மாளிகையில் பத்மசிறீ விருதைப் பெறும்போது, தம் சேலை முந்தானையால் குடியரசுத் தலைவருக்குத் திருட்டி கழித்தார். திருட்டியில் நமக்கு நம்பிக்கை கிடையாது; ஆனாலும், அந்த முந்தானை வீசியதில் இருந்த மிடுக்கை இரசிக்காமல் இருக்க முடியவில்லை. ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம். எல்லம்மன் கோயில் அவருக்குத் தந்தது திருவோடு. கலை தந்தது மேடை. 'எங்கள் மதம் இவர்களை என்றோ ஏற்றுக்கொண்டது' என்று பெருமை பேசுவோர், ஏற்றுக்கொண்டபின் கையில் கொடுத்தது என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

இன்னொரு வேடிக்கை. ஆழ்வார்களில் ஆண்கள் தம்மைப் பெண்ணாக்கி, இறைவனைக் காதலனாக்கிப் பாடினார்கள். நம்மாழ்வாருக்குப் பராங்குச நாயகி என்றே பெயரிட்டார்கள். கேட்போர் கண்ணீர் மல்குகின்றனர், உரையாசிரியர்கள் உருகுகின்றனர். ஒருவர் தம் உடலோடும் உயிரோடும் பெண்ணாகவே வாழ முன்வந்தாலோ, அந்த உருக்கமெல்லாம் உறைந்துபோகிறது, கதவு சாத்தப்படுகிறது. பாவனைக்குப் பூமாலை, உண்மைக்குச் செருப்பு மாலை! இது எந்த ஊர் நியாயம்?

"பாட வந்தவர் பாடிவிட்டுப் போகட்டுமே, சொந்த வாழ்க்கையை ஊரறியச் சொல்வானேன்?" என்று நயமாகக் கேட்போரும் உளர். நியாயம்போலத் தோன்றும், ஒலிபெருக்கியைச் சற்றுக் கவனியுங்கள். வித்துவான் இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன், துணைவியாரும் பாடகியே, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார் என்று அரைமணி நேரம் அளக்கிறார்களே, அது யாருடைய சொந்த வாழ்க்கை? ஆண் பெண்ணை மணந்தால் அது அறிமுக உரை. ஆண் ஆணை நேசித்தால் அது அந்தரங்கமோ? சான்சிபாரிலே 1946இல் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, மராத்திய நாட்டுப் பஞ்சகனிப் பள்ளியில் படித்து, உலகமே எழுந்து நின்று கைதட்டிய பாடகர் பிரெட்டி மெர்க்குரி. தம்மை எய்ட்சு நோய் பற்றியிருப்பதை 1991 நவம்பர் 23ஆம் நாள் அறிவித்தார், மறுநாள் மறைந்தார். சொல்லாதிருக்கும் உரிமையும் அவருக்கு இருந்தது. அதை நாம் மறுக்கவில்லை. சொல்வதா வேண்டாமா என்பதை அச்சம் முடிவு செய்யக்கூடாது, அவரவர் விருப்பமே முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் நம் வழக்கு.

இதுவரை பிறரைச் சாடினோம். இனி நம் முதுகையும் பார்ப்போம். நாம் மேடையேறி மாற்றாரைத் தாக்கும்போது எடுத்த சொற்கள் யாவை? 'பேடி' என்றோம்; 'ஆண்மையற்றவன்' என்றோம்; கைதட்டல் வாங்கினோம். நம் நாடகங்களிலும் படங்களிலும் சேலை கட்டிய ஆண் வந்தால் சிரிப்பு என்று எழுதி வைத்தோம். 'பறை' என்ற சொல்லை இழிவாய் ஆள்பவனைச் சுடுசொல்லால் பொசுக்கிய நாம், இதை மட்டும் எப்படி நாக்கூசாமல் சொன்னோம்? 2008இல் திருநங்கையர் நலவாரியம் அமைத்தது கலைஞர் தலைமையிலான அரசு என்று மார்தட்டுகிறோம். தட்டலாம். வாரியம் அமைப்பதற்குக் கையெழுத்து ஒன்று போதும். நாக்கைத் திருத்துவதற்கு ஒவ்வொரு நாளும் பாடுபட வேண்டும்.

திருமானூரிலே ஒரு மாணவன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பள்ளி விழாவில் பெண் குரலில் பாடுகிறான். பந்தல் அதிரக் கைதட்டுகிறார்கள். மறுநாள் கடைவீதியில் அதே கைகள் தட்டும் முறை மாறுகிறது. எண் ஒன்றைச் சொல்லிக் கூவுகிறார்கள். அப்பா பாட்டை நிறுத்தச் சொல்கிறார். பிள்ளை நிறுத்திவிடுகிறது, அல்லது பேருந்தேறிப் பாலத்தைக் கடந்து போய்விடுகிறது. ஊருக்கு நட்டம் என்று எவரும் எழுதி வைப்பதில்லை. அந்தப் பிள்ளையின் குரல் உடைந்தபோது உடன் நிற்க வேண்டியது யார் கடமை? பூசாரியிடம் மந்திரிக்கக் கொண்டுபோவார்கள். மருத்துவரிடம் 'மாற்றித் தாருங்கள்' என்று கொண்டுபோவார்கள். மாற்றுவதாகச் சொல்லும் அந்த மருத்துவத்தைத் தடுக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 சூனில் ஆணையிட்டதை அந்த வீட்டுத் திண்ணைக்குப் போய் எடுத்துச் சொல்ல, அரியலூரிலிருந்து வழக்கறிஞர் வர வேண்டியதில்லை. நம் படிப்பகத்துத் தோழர்கள் இருவர் போதும்.

அடுத்த பொங்கல் விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் எழுதும்போது, பாட விரும்புவோர் தம்மை எப்பெயரால் அழைக்கச் சொல்கிறாரோ அப்பெயரையே அச்சிடுக. துணையோடு வந்தால் முன்வரிசையில் இரண்டு நாற்காலி ஒதுக்குக. ஒலிபெருக்கி அறிவிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கவும் மறவாதீர். போன முறை தலைவரின் பெயரையே தவறாகப் படித்தவர் அவர்.